தெரிந்துகொள்வதற்காக வெட்டலாமா?

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு மலைச்சரிவு. அடர்ந்த காடு. நடுவே ஒரு சின்ன ஓடை. அந்தச் சரிவில் இருக்கும் மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்துவிட்டால், அடுத்த வருஷம் ஓடையில் தண்ணீர் கூடுமா, குறையுமா?

'இதென்ன சார் கேள்வி, குறையும்' என்கிறீர்கள். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று லாரிக்குப் பின்னாலும் பள்ளிக்கூடச் சுவரிலும் படித்து வளர்ந்தவர்கள் நாம். வேறென்ன சொல்வோம்!

கூடும். ஒரு இடத்தில் செய்து பார்த்ததில் முதல் வருஷம் 39 சதவீதம் கூடியது. இரண்டாம் வருஷம் 28 சதவீதம்.

'செய்து பார்த்தார்களா? அப்படியென்றால் நிஜமாகவே ஒரு காட்டை வெட்டினார்களா?' என்று உங்களில் யாராவது திடுக்கிட்டால், இந்த வாரம் அவரோடுதான் பேச ஆசை. ஆமாம், வெட்டினார்கள். திட்டம் போட்டவர்கள் மரக் கடத்தல்காரர்கள் அல்ல, பேராசிரியர்கள். ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக அதையே அழிக்கலாமா என்பதுதான் நம் கேள்வி.

இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். அங்கே வெள்ளை மலைகள் என்றொரு தொடர். அதில் ஹப்பர்ட் புரூக் என்ற பள்ளத்தாக்கை 1955-ல் அந்த நாட்டு வனத்துறை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியது. 3,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அதே மாநிலத்தில் டார்ட்மத் கல்லூரியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் போர்மன் என்ற தாவரவியல்காரருக்கு ஒரு யோசனை. மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி லேபுக்கு அனுப்புகிறோம் இல்லையா? காட்டுக்கும் அதையே செய்தால் என்ன? ஓடைத் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் மேலே இருக்கும் காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடாதா? 1960-ல் வனத்துறை விஞ்ஞானி ராபர்ட் பியர்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1963-ல் வேலை ஆரம்பித்தது. கூடச் சேர்ந்தவர்கள் ஜீன் லைக்கன்ஸ் என்ற இளம் விரிவுரையாளரும், நோய் ஜான்சன் என்ற நிலவியல்காரரும். (பெயரே நோய்! நம் ஊரில் பிறந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் ரொம்ப கஷ்டப்பட்டிருப்பார்.)

இங்கே நீர்வடிப்பகுதி என்ற சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். சிவில் இன்ஜினீயரிங்கில் இது இரண்டு மார்க் கேள்வி. நான்கு வரி எழுதி, கத்தரி இலை மாதிரி ஒரு படம் போட்டு, நடுவில் நரம்பு வரைந்தால் முழு மார்க். நமக்கு அந்தப் படம் வேண்டாம், மொட்டைமாடி போதும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது அவசர அவசரமாகக் குழாய் பதித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மாடியின் எந்தப் பரப்பில் விழும் மழை எந்தக் குழாய் வழியாக இறங்குகிறதோ, அந்தப் பரப்புதான் அந்தக் குழாயின் நீர்வடிப்பகுதி. மலையில் குழாய்க்குப் பதில் ஓடை. கைப்பிடிச் சுவருக்குப் பதில் மலை முகடு. அவ்வளவுதான்.

ஹப்பர்ட் புரூக்கின் விசேஷம், அதன் 'மாடி' ஒழுகாது என்பது. மண்ணுக்கு அடியில் இருப்பது நீர் இறங்காத கெட்டிப் பாறை. ஆகவே விழுந்த மழை ஒன்று ஆவியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஓடை வழியாகத்தான் வந்தாக வேண்டும். வரவு தெரியும், செலவு தெரியும், மிச்சம் காடு குடித்தது. நாட்டுக்கோட்டைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்தால்கூட ஒரே நாளில் பேரேடு போட்டுவிடுவார்.

ஓடையின் வாயில் ஒரு சின்னச் சுவர் கட்டி, அதன் நடுவில் ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் ஒரு வெட்டு வைப்பார்கள். நம் ஏரிகளின் கலிங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று பார்த்தால் நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். இதில் ஒரு குறும்பு உண்டு. செங்கோண வெட்டில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் நொடிக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர். 20 சென்டிமீட்டர் நின்றால்? ஒன்பது என்று சொல்லத் தோன்றும். கிட்டத்தட்ட 25! உயரம் இரண்டு மடங்கானால் நீர் ஐந்தரை மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. அதாவது 10 என்பதை 11 என்று யாராவது படித்து எழுதிவிட்டால் கணக்கு 27 சதவீதம் பிசகும். வெட்டில் ஒரு மேப்பிள் இலை வந்து சிக்கிக்கொண்டாலே போதும்.

ஆகவே யாராவது போக வேண்டும். மழையிலும் பனியிலும் நடந்துபோய், இலையை எடுத்துப்போட்டு, உயரத்தைப் படித்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, நோட்டில் எழுத வேண்டும். வாராவாரம். இந்த 'யாராவது' பெரும்பாலும் மாணவர்கள்தான். வகுப்பில் கற்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சூத்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் வகுப்பில் உயரம் வினாத்தாளிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். இங்கே அந்த எண் எங்கேயும் இல்லை. அவன் போய்க் குனிந்து பார்த்தால்தான் அது பிறக்கும். போகாமலேயே, 'போன வாரம் 12, இந்த வாரமும் 12 இருக்கும்' என்று அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. காட்டில் கண்காணிப்பாளர் கிடையாது, பறக்கும் படை கிடையாது. களப்பணி என்பது விஞ்ஞானம் கற்கும் முறை என்று சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது யாரும் பார்க்காதபோது ஒருவன் என்ன எழுதுகிறான் என்ற பரீட்சை என்றுதான் படுகிறது.

சரி, வெட்டிய கதைக்கு வருவோம்.

1965 நவம்பர், டிசம்பரில், இரண்டாம் எண் நீர்வடிப்பகுதி என்று பெயர் வைத்திருந்த 15.6 ஹெக்டேர் சரிவில் எல்லா மரங்களையும் வெட்டினார்கள். வெட்டிய மரங்களை எடுத்துப்போகவில்லை, விற்கவில்லை. பாதை போட்டால் மண் அரித்து கணக்கைக் குழப்பும் என்பதால், விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். மறுபடி துளிர்க்கக் கூடாதே! அடுத்த மூன்று கோடைகளிலும் களைக்கொல்லி தெளித்தார்கள். 1967-லும் 68-லும் தெளித்தது 2,4,5-டி என்ற மருந்து. அதே வருஷங்களில் வியட்நாம் காடுகளின் மேல் விமானத்திலிருந்து கொட்டிய 'ஏஜென்ட் ஆரஞ்ச்'சில் பாதி இந்த மருந்துதான். இதைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றை என்னவோ செய்கிறதா? செய்யட்டும். இந்தக் கட்டுரையில் அந்த உணர்ச்சியைச் சமாதானப்படுத்தி அனுப்பும் உத்தேசம் எனக்கு இல்லை.

கிடைத்த பாடம் என்ன? மரங்கள் உறிஞ்சி ஆவியாக விட்டுக்கொண்டிருந்த தண்ணீர், உறிஞ்ச ஆளில்லாமல் ஓடைக்கு வந்தது. அதுதான் நான் முதலில் சொன்ன 39 சதவீதம். 'அடடே, அப்ப வெட்டினா தண்ணி கிடைக்குமா' என்று யாரும் கோடரியைத் தேடிக் கிளம்ப வேண்டாம். வந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்றும் கேட்க வேண்டும். நைட்ரேட்டின் செறிவு முதல் வருஷம் 41 மடங்கு. அடுத்த வருஷம் 56 மடங்கு. குடிநீருக்கு விதித்த வரம்பை ஏறக்குறைய தொடர்ந்து தாண்டியே இருந்தது. மக்கும் இலைகளிலிருந்து வரும் நைட்ரஜனை வேர்கள் உடனுக்குடன் எடுத்துக்கொண்டிருந்தன. வேர் செத்ததும் மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற, அது கால்சியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. கண்ணாடி மாதிரி ஓடிய ஓடையில் பாசி படர்ந்தது. காடு என்பது மரங்களின் கூட்டமல்ல, எதையும் வீணாகப் போகவிடாத ஒரு கெட்டிக்காரக் குடித்தனம் என்பது முதல்முறையாக எண்ணிக்கையில் தெரிந்தது. 1970-ல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். சூழலியல் பாடப்புத்தகங்கள் திருத்தி எழுதப்பட்டன.

இப்போது சொல்லுங்கள். செய்தது சரியா?

சரி என்பவர்களின் முதல் வாதம் அளவு. 3,000 ஹெக்டேரில் 15.6 என்பது அரை சதவீதம். அதே காலத்தில் அமெரிக்காவில் மரக் கம்பெனிகள் மலை மலையாக மொட்டையடித்துக்கொண்டிருந்தன. அதில் இது எம்மாத்திரம்? எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. ஊரே கொள்ளையடிக்கும்போது நான் ஒரு செம்புதானே எடுத்தேன் என்பது மாதிரி இருக்கிறது. தவிர, அந்தச் சரிவிலேயே வாழ்ந்த ஒரு உயிருக்கு 15.6 ஹெக்டேர் என்பது அரை சதவீதம் அல்ல, நூறு சதவீதம்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் பலமானது. அது யாருக்கும் தெரியாத விஷயமாக இருந்தது. ப்ளஸ் டூவிலும் கல்லூரியிலும் விலங்கியல் எடுத்தவர்களுக்குத் தவளையை ஞாபகம் இருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, நாலு கால்களிலும் குண்டூசி குத்தி, வயிற்றைக் கிழித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். என்ன இருந்தது? புத்தகத்தில் போட்டிருந்ததுதான் இருந்தது. வருஷா வருஷம், ஊர் ஊராக, ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விக்காக ஒரு உயிர். 2011-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னதே, அது நியாயம். ஹப்பர்ட் புரூக் அப்படியல்ல. விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. தெரிந்ததை மறுபடி பார்க்க அறுப்பதும், தெரியாததை அறிய அறுப்பதும் ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இதுவும் முழுசாகப் போதாது. தெரியாத விஷயங்களுக்கா பஞ்சம்? எல்லாவற்றையும் வெட்டிப் பார்க்க முடியுமா? எனக்கு இதில் அனுமதிச் சீட்டு மாதிரித் தோன்றுவது வேறொன்று. அவர்கள் வெட்டுவதற்கு முன்னால் அளந்தார்கள். பக்கத்துச் சரிவை, ஆறாம் எண்ணை, கத்தி படாமல் அப்படியே வைத்து அதையும் அளந்தார்கள். வெட்டிய பிறகு ஓடிப்போகவில்லை. இந்தக் கடைசிதான் அபூர்வம். குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது மனித சுபாவம். தான் பாழாக்கிய இடத்துக்கே வாரம் தவறாமல் வந்து, எவ்வளவு பாழாக்கினேன் என்று தசம புள்ளிக்கு அந்தப் பக்கம்வரை குறித்துவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

மரக் கம்பெனிகளுக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'நாங்கள் மரம்தான் வெட்டுகிறோம், மூன்று வருஷம் விஷம் தெளிப்பதில்லையே, இதை எங்கள் தலையில் கட்டலாமா' என்று ஆட்சேபித்தார்கள். வாஸ்தவமான ஆட்சேபம். அதற்காக 1970-ல் தொடங்கி நாலாம் எண் சரிவில் பட்டை பட்டையாக வெட்டிப் பார்த்தார்கள். 1983-84-ல் ஐந்தாம் எண்ணில் வணிக முறைப்படி முழு மரங்களாக எடுத்துப் பார்த்தார்கள். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கேட்கிறது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சரிவு காலியாகிறது. இந்த வேகத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில், வெட்டாமல் சும்மா பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் பெரிய மீன் சிக்கியது. 1963-ல் முதல்முதலாகச் சேகரித்த மழைநீரிலேயே எதிர்பார்த்ததைவிட நூறு மடங்குக்கு அமிலம். இவ்வளவு ஒதுக்குப்புறமான மலையில் எங்கிருந்து வந்தது? தூரத்து அனல் மின்நிலையங்களின் கந்தகப் புகையிலிருந்து. அமில மழை என்ற பிரச்னையை வட அமெரிக்கா அடையாளம் கண்டுகொண்டது இப்படித்தான். 1990-ல் அந்த நாட்டுத் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கந்தகத்துக்குக் கடிவாளம் போட்டபோது இந்தப் பாட்டில் கணக்குகளும் சாட்சி சொன்னன. வேடிக்கை என்னவென்றால், அமிலம் கூடுகிறதா குறைகிறதா என்று புள்ளியியல்படி தைரியமாகச் சொல்ல ஏறத்தாழ 18 வருஷம் தொடர்ந்து அளக்க வேண்டியிருந்தது. பி.எச்டி.க்கு ஐந்து வருஷம். 1966-ல் பனியில் வழுக்கி விழுந்து பாட்டில் பிடித்தவனுக்கு, தான் பிடித்தது எதற்குச் சாட்சி என்று அப்போது தெரியாது. பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். விடையைப் பார்க்கப் போவது வேறு யாரோ என்று தெரிந்தும் ஒழுங்காக அளப்பவனைப் பற்றி யோசித்துப் பாருங்கள். நமக்கு மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தெரியாத எந்த வேலையும் வேலையாகவே தோன்றுவதில்லை.

'அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு' என்கிறீர்களா? ஊட்டிக்கு வாருங்கள்.

நீலகிரியின் மேல்மலை ஆதியில் புல்வெளியும் இடையிடையே சோலையுமாக இருந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. வெள்ளைக்காரர்களுக்கு அது 'காலி இடம்'. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் வந்தது. கீழே நாம் தைலமரம் என்போமே, அதன் மலைவாசி உறவு. விறகுக்கு என்று ஆரம்பித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ரேயான் கூழுக்கு என்று நாமே இன்னும் மும்முரமாக நட்டோம். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரம் வேறு. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் புல்வெளி. யாரைக் கேட்டோம்? தோடர்களைக் கேட்கவில்லை. ஓடைகளின் வாயில் ஒரு 'வி' வெட்டாவது வைத்தோமா? பெரும்பாலான இடங்களில் அதுவும் இல்லை.

ஒரு இடத்தில் வைத்தார்கள். ஊட்டியில் இருக்கும் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர், கிளென்மார்கன் பகுதியில் தலா 32 ஹெக்டேர் வாக்கில் இரண்டு பக்கத்துப் பக்கத்து நீர்வடிப்பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். 1968 முதல் 71 வரை நாலு வருஷம் இரண்டையும் சும்மா அளந்தார்கள். 1972-ல் ஒன்றை விட்டுவிட்டு மற்றதில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் ஓடைநீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால், 25 சதவீதம். அது கூடப் பரவாயில்லை. மழையில்லாத மாதங்களில் ஓடும் சொற்ப நீர் இருக்கிறதே, அது முதல் சுற்றில் ஏறத்தாழ பாதியானது. இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நாலில் ஒன்றானது. மின்சாரம் எடுப்பதற்கென்று அணை அணையாகக் கட்டி வைத்திருக்கும் மலையில்!

கவனியுங்கள், அங்கே வெட்டினார்கள், தண்ணீர் கூடியது. இங்கே நட்டார்கள், தண்ணீர் குறைந்தது. இரண்டும் ஒரே கணக்குதான். 'மரம் நட்டால் புண்ணியம், வெட்டினால் பாவம்' என்ற நம் எளிய தர்மம் இந்த இரண்டு சின்னச் சுவர்களுக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறுகிறது. எந்த மரம், எங்கே, அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்காமல் புண்ணியத்தைக் கணக்கில் வரவு வைக்க முடியாது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மரம் நடப் போகும் உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தை நான் குறை சொல்லவில்லை. தெருவில் நடுங்கள், தாராளமாக. மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து 'சும்மாதானே கிடக்கிறது' என்று சொல்லும்போது மட்டும் கிளென்மார்கனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் முதல் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். தெரிந்துகொள்வதற்காக 15 ஹெக்டேரை அழித்தவர்களைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். எதையும் தெரிந்துகொள்ளாமலே ஒரு மலையின் தோலை உரித்து வேறு தோல் போட்டவர்களை எந்தக் கூண்டில் ஏற்றுவது? அதுவும் ஒரு பரிசோதனைதான். அளக்காத பரிசோதனை. பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையைக் கொட்டிக் கட்டடம் எழுப்பியதும் அப்படித்தான். 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுதான் சென்னையில் பலருக்கு, தாங்கள் யாருடைய நீர்வடிப்பகுதியில் குடியிருக்கிறோம் என்றே தெரிந்தது. அந்தப் பாடத்துக்குக் கட்டணம் யார் கட்டினார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் ஓட்டு, தயக்கத்தோடு, அந்தப் பேராசிரியர்களுக்குத்தான். 1999-ல் அவர்கள் வழிவந்தவர்கள் செய்த ஒரு காரியமும் என்னை அந்தப் பக்கம் சாய்க்கிறது. அமில மழை பல வருஷங்களாக மண்ணிலிருந்து எடுத்துப்போன கால்சியம் எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒன்றாம் எண் சரிவின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் உள்ள தாதுப்பொடியைத் தூவினார்கள். மேப்பிள் மரங்கள் தேறின. எவ்வளவு எடுத்தோம் என்று எழுதிவைத்திருந்ததால்தான் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்தது.

தயக்கம் எதற்கென்றால், சாலமாண்டர் என்று ஒரு பிராணி. பல்லியும் தவளையும் சேர்ந்து செய்த மாதிரி இருக்கும், ஈர இலைகளுக்கு அடியில் வாழும், சத்தம் போடாது. ஹப்பர்ட் புரூக்கில் இவற்றை எண்ணி, எடை போட்டுப் பார்த்ததில், அந்தக் காட்டுப் பறவைகள் மொத்தத்தையும்விட இவை ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இருந்தன. அதுவரை காடு என்றால் பறவை என்று நினைத்திருந்தவர்கள் அசந்துபோனார்கள். அருமையான கண்டுபிடிப்பு. அது அச்சில் வந்தது 1975-ல். இரண்டாம் எண் சரிவில் நிழலை எடுத்தது 1965-ல்.